வளைத்துத் திருப்பிய அம்பு

என் அண்ணனுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் 'ரெண்டுமொண்ணா'. முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். டீ குடிக்கும் இடத்தில் மட்டும் அந்தப் பெயர் புழங்கும். அவனுக்கும் அது தெரியும். தெரிந்து கொஞ்சம் பெருமைகூடப் பட்டான் என்றுதான் நினைக்கிறேன். அவன் வேலையே அதுதான். பழைய புரோகிராம் ஒன்று இருக்கும். அதை எடுத்துவிட்டு வைக்கப்போகும் புதிய புரோகிராம் ஒன்று இருக்கும். இரண்டும் ஒன்றா, இல்லையா என்று சொல்ல வேண்டும். லிஃப்ட், டிக்கெட் மெஷின், துணி துவைக்கும் மெஷின் என்று எதற்குள் ஓடுவதாக இருந்தாலும், அவன் கையெழுத்துப் போடாமல் பழையது வெளியே போகாது, புதியது உள்ளே வராது.

நான் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். நாள் முழுக்க ஒரு லென்ஸை வைத்து "இதுவா?" என்றும், இன்னொன்றை வைத்து "அதுவா?" என்றும் கேட்டுக்கொண்டே இருப்பேன். "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு" என்று வந்தவர் சொல்லிவிட்டால் எனக்கு வேலை முடிந்தது. எண்ணை எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன். அண்ணனிடம் அந்த 'மாதிரி' செல்லாது. "மாதிரின்னா என்னடீ? ஒண்ணா, இல்லையா?" என்று ஒற்றைக்காலில் நிற்பான். அவனோடு செருப்பு வாங்கப் போனால்கூட ஆயுளில் பாதி போய்விடும்.

ஒருநாள் எரிச்சலில் கேட்டேவிட்டேன். "ரெண்டையும் வரிக்கு வரி பக்கத்துல வச்சுப் பாத்தா ஒரு நாள்ல முடிஞ்சிடுமே. இதுக்கு எதுக்கு மாசக்கணக்கு?"

"வரியை யாரு பாக்கறா? உள்ள அது என்ன பண்ணுதோ எனக்கு வேண்டாம். வெளியில இருக்கிறவன்கிட்ட என்ன பேசுதுன்னு மட்டும்தான் பாப்பேன்."

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒரு புரோகிராம் ஓடுவதை இரண்டு பேர் ஆடும் ஆட்டமாகத்தான் அவன் பார்ப்பான். வெளியில் இருப்பவர் ஒன்று கேட்பார். புரோகிராம் பதில் சொல்லும், அல்லது பதிலுக்கு முன்னால் எதையாவது திருப்பிக் கேட்கும். இந்தப் பேச்சு எத்தனை விதமாகப் போகலாமோ அத்தனையையும் வட்டமும் அம்புமாகப் படம் போடுவான். வட்டம் என்றால் பேச்சு நிற்கும் இடம், அம்பு என்றால் அடுத்த வார்த்தை. பழையதற்கு ஒரு படம், புதியதற்கு ஒரு படம். பிறகு இரண்டு படங்களிலும் ஒரே சமயத்தில் நடந்து பார்க்க வேண்டும். எங்கேயாவது ஒன்று ஒரு பதிலும் மற்றது வேறு பதிலும் சொல்லிவிட்டால், அந்தப் பேச்சை அப்படியே பிடித்து எழுதிவைப்பான். 'காட்டிக்கொடுக்கிற பேச்சு' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தான். அப்படி ஒன்றுகூட இல்லையென்றால் இரண்டும் ஒன்றுதான், உள்ளே ஒன்று வடக்கே பார்த்தும் மற்றது தெற்கே பார்த்தும் ஓடினாலும் சரி. "யாராலயும் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாத வித்தியாசம், வித்தியாசமே இல்ல" என்பான்.

பேச்சு முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தால் படம் எப்படி முடியும் என்று கேட்டேன். அவனிடம் யாரும் அதுவரை அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது, முகம் மலர்ந்துவிட்டது.

"அதுக்குத்தான் அம்பை வளைக்கிறது. லிஃப்ட் ஆயிரம் தடவை ஏறி இறங்கினாலும் திரும்ப முதல் இடத்துக்குத்தானே வருது? அதனால ஆயிரம் வட்டம் வேண்டாம். கடைசி அம்பை வளைச்சு முதல் வட்டத்துலயே கொண்டு விட்டுடலாம்."

ஆனால் வளைக்க நமக்கு உரிமை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பாதி வேலை என்றான். ஒரு லிஃப்ட் புரோகிராம் அவனை நன்றாக ஏமாற்றப் பார்த்ததாம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதன் கதவு போன முறையைவிட ஒரு கண் இமைக்கும் நேரம் கூடுதலாகத் திறந்திருந்தது. புதிதாக வந்து ஏறுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. எண்ணிக்கொண்டே தினமும் ஏறுகிறவர் ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார். "மேல பாத்தா முதல் இடத்துக்கே வந்த மாதிரிதான் இருக்கும். ஆனா வந்திருக்காது. கேக்கறவனுக்கு ஞாபகம் இருக்கா, இல்லையாங்கறதுலதான் எல்லாம் இருக்கு" என்றான். இதை எனக்குச் சொன்னதற்குப் பதிலாகத் தனக்கே ஒருமுறை சொல்லிக்கொண்டிருக்கலாம் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அப்பாவும் அம்மாவும் அண்ணனோடுதான் இருந்தார்கள். நான் இரண்டு தெரு தள்ளி. அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதிலும் சொல்லவில்லை. அப்பா பஸ் டிரைவர், முப்பத்தொரு வருஷமும் ஒரே தடம். அம்மா வீட்டிலேயே பள்ளிக்கூடச் சீருடை தைப்பாள். மத்தியானம் பன்னிரண்டு நாற்பதுக்கு அப்பாவின் பஸ் எங்கள் தெருமுனையைத் தாண்டும். அம்மா சாப்பாட்டு டப்பாவோடு அங்கே நிற்பாள். அப்பா வண்டியை நிறுத்தி ஜன்னல் வழியாகக் கையை நீட்டுவார், அவள் எட்டிக் கொடுப்பாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள், பஸ் போய்விடும். ஒரே ஒருநாள் ஏதோ தையல் அவசரத்தில் அம்மா தாமதமாக ஓடிவந்தாள். அப்பா, பஸ் நிறையக் கூட்டத்தை வைத்துக்கொண்டு, "உனக்காக ஊரே காத்துக்கிட்டு இருக்கணுமா?" என்று கத்திவிட்டார். அம்மா டப்பாவை எட்டிக் கொடுத்தாள். மறுநாள் பன்னிரண்டே காலுக்கே போய் நின்றாள். அதை அவள் எங்களிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அப்பாவுக்கு மறதி வந்து மூன்றாவது வருஷம் அம்மா போய்விட்டாள். தையல் மெஷினிலேயே சாய்ந்தாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அன்றைக்கு அப்பா எல்லோரையும்போல அழுதார். மறுநாள் காலையில் எழுந்து வந்து அண்ணனிடம் கேட்டார். "உங்கம்மா எங்க?"

அண்ணன் சொன்னான். அவனுக்குப் பொய் வராது. அப்பா அப்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்படுகிறவராக நின்றார், பிறகு தரையிலேயே உட்கார்ந்து அழுதார். அரைமணி நேரத்தில் மறந்துவிட்டார். பன்னிரண்டரைக்கு மறுபடியும் கேட்டார். சாயங்காலம் மறுபடியும், படுக்கும்போது மறுபடியும். ஒரு மனுஷன் தன் பெண்டாட்டி செத்த சேதியை ஒரே நாளில் நான்கு தடவை புதிதாகக் கேட்டு அழுவதை யாரால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? என்னால் முடியவில்லை. இரண்டாவது வாரம் அண்ணனைப் பிடித்துச் சண்டை போட்டேன்.

"வெளிய போயிருக்காங்கன்னு சொல்லித் தொலையேன். டாக்டரே அதைத்தானே சொன்னாரு. உனக்கு என்ன, அரிச்சந்திரன்னு நினைப்பா?"

"அப்பாகிட்ட சொல்ற பதிலை மாத்தணும்னா, மாத்தறதுக்கு முன்னாடி பாக்கணும்டீ."

"என்னத்தைப் பாக்கப் போற?"

"ரெண்டும் ஒண்ணான்னு."

எனக்கு வந்த கோபத்தில் அவன் மண்டையிலேயே ஒன்று போட்டிருப்பேன். உண்மையும் பொய்யும் எப்படி ஒன்றாகும்? அவன் பொறுமையாகச் சொன்னான். உண்மையைக் கேட்டு அழுது மறந்த பிறகு இருக்கிற அப்பா ஒருவர். பொய்யைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு மறந்த பிறகு இருக்கிற அப்பா ஒருவர். எந்தக் கேள்வி கேட்டாலும் இந்த இரண்டு பேரையும் பிரித்துச் சொல்ல முடியாது என்றால், பொய் அவருக்குள் எதையும் விட்டுவைக்கவில்லை என்று அர்த்தம். அப்படியானால் தாராளமாகச் சொல்லலாம், நடுவில் அந்த அழுகை மட்டும் இருக்காது.

பதினான்கு நாள் செய்தான். ஒருநாள் உண்மை, மறுநாள் பொய். "தைச்ச துணியைக் குடுக்கப் போயிருக்காங்கப்பா, இப்ப வந்துருவாங்க" என்பதுதான் பொய். ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரம் கழித்து அப்பாவின் எதிரில் உட்கார்ந்து பதினோரு கேள்விகள் கேட்டான், வரிசையை மாற்றி மாற்றி. இன்னைக்கு என்ன கிழமை? சாப்பிட்டீங்களா? யாராவது வந்தாங்களா? மனசு எப்படி இருக்கு? அப்பா எல்லா நாளும் ஒன்றையே சொன்னார். கிழமை தெரியாது. சாப்பிட்டேன் என்று நினைக்கிறேன். யாரும் வரவில்லை. நன்றாகத்தான் இருக்கிறேன்.

"அப்பாவை வச்சு ஆராய்ச்சி பண்றியா?" என்று கேட்டேன்.

"கையெழுத்து போடறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியதைப் பாக்கறேன்."

நிஜமாகவே கையெழுத்துப் போட்டான். கோடு போட்ட நோட்டில் ஏழு வட்டம் இந்தப் பக்கம், ஏழு வட்டம் அந்தப் பக்கம். 'மறந்துவிட்டார்' என்று எழுதிய கடைசி வட்டத்திலிருந்து கிளம்பும் அம்பு, இரண்டு படத்திலும் வளைந்து போய் 'உங்கம்மா எங்க?' என்ற முதல் வட்டத்தில் சேர்ந்தது. கீழே 'ஒன்றுதான்' என்று எழுதித் தேதி போட்டிருந்தான். வாழ்க்கையில் அந்தச் சொல்லை அவன் அவ்வளவு சந்தோஷமாக எழுதி நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷம்தான். நச்சரித்து நச்சரித்து ஜெயித்துவிட்டேன் அல்லவா.

நான்கு மாதம் வீடு அமைதியாக இருந்தது. அப்பா கேட்பார், அண்ணன் சொல்வான், அப்பா "சரி" என்பார். அண்ணன் அலுவலகம் போகும் நேரத்தில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்மணியும் அதையே சொன்னார். பிறகு அப்பா கேட்பது குறைந்தது. ஒரு நாளைக்கு நான்கு தடவை இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. அண்ணன் நோட்டில் 'இன்று கேட்கவில்லை' என்று எழுத ஆரம்பித்தான். தொடர்ந்து ஒன்பது நாள் அப்படி எழுதியிருந்தான். "பழகிட்டாரு" என்று அவன் சொன்னான், "கடவுள் புண்ணியம்" என்று நான் சொன்னேன். மத்தியானம் அப்பா சட்டை மாற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்காருவதை இரண்டு பேருமே பார்த்தோம். காற்றுக்கு உட்காருகிறார் என்று நினைத்தோம்.

ஒரு சனிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தட்டில் சாப்பாடு தொடாமல் இருந்தது. கண்ணாடியை மாட்டி, காதுக்குப் பின்னால் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தபோது, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, நீ அம்மாவைப் பாக்கறியா?"

பழக்கத்தில், "பாக்கறேன்ப்பா, வெளிய போயிருக்காங்க" என்றேன்.

"தெரியும். எப்பவுமே வெளியதான் இருக்கா." குரலைத் தாழ்த்திக்கொண்டார், அண்ணன் அடுப்படியில் இருந்தான். "என் மேல கோவம்மா அவளுக்கு. என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். பஸ்ஸுல அத்தனை பேருக்கு முன்னாடி கத்தினேன்ல, அதுதான். நீ சொல்லு அவகிட்ட. சாப்பாடு கொண்டு வராட்டியும் பரவாயில்ல, ஒரு தடவை முகத்தைக் காட்டிட்டுப் போகச் சொல்லு. இனிமே கத்த மாட்டேன்னு சொல்லு."

அண்ணன் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை, ஆனால் கையில் இருந்த கரண்டியிலிருந்து தரையெல்லாம் குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது.

அவன் சொன்ன பொய்களில் ஒன்றுகூட அப்பாவுக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அத்தனையும் சேர்ந்து உள்ளே எங்கேயோ ஒரு முடிவுக்கு வந்திருந்தன. எப்போது கேட்டாலும் அவள் இல்லை. செத்திருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படியானால் அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை, இதுதான் அப்பாவின் கணக்கு. அவர் கேட்பதை நிறுத்தியது பழகிப்போனதால் இல்லை, வெட்கத்தால். அண்ணன் வளைத்துவிட்ட அம்பு ஒருநாளும் முதல் வட்டத்துக்கு வந்து சேர்ந்ததே இல்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் தள்ளி என்று போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அவன் கேட்ட பதினோரு கேள்விகளில் 'அம்மாவுக்கு உங்க மேல கோவமா?' என்பது இல்லை. ஊரில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். எங்களைப்போல் சாதாரணமாகப் பொய் சொல்கிறவர்கள் எதையும் நிரூபிப்பதில்லை, அதனால் பயந்துகொண்டே சொல்வோம், முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வோம். இவன் நிரூபித்துவிட்டு, பார்ப்பதை நிறுத்திவிட்டான். நானும்தான் நிறுத்தினேன், எனக்கு அந்தச் சாக்குக்கூடக் கிடையாது.

அண்ணன் கரண்டியை வைத்துவிட்டு வந்து அப்பாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"அப்பா, அம்மா செத்துப்போயிட்டாங்கப்பா. அஞ்சு மாசம் ஆகுது. நான்தான் பொய் சொன்னேன்."

அப்பா அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"அப்ப, கோவமில்லையா?"

"இல்லப்பா. ஒருநாளும் இல்ல. அந்த பஸ் கதையைச் சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாங்க."

அப்பா ஒரு பெருமூச்சு விட்டார். முகம் அப்படியே இளகியது. முதலில் ஆறுதல் வந்தது, அழுகை அதற்குப் பின்னால்தான் வந்தது. அந்த வரிசையை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

இருபது நிமிஷம் கழித்து, துடைத்த கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, என்னை மெதுவாகக் கூப்பிட்டுக் கேட்டார். "அவ இன்னும் கோவமாத்தான் இருக்காளா?"

அதற்குப் பிறகு அந்தக் கேள்வி மட்டும்தான். 'உங்கம்மா எங்க?' என்பது திரும்ப வரவே இல்லை. உண்மையை எத்தனை தடவை சொன்னாலும் அரைமணியில் அழிந்தது, நான்கு மாதப் பொய் உண்டாக்கியது மட்டும் அழியவில்லை. அண்ணன் வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தான். அப்பா கேட்டபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, அவசரமில்லாமல், முதல்முறை சொல்வதுபோலவே சொன்னான். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. நோட்டில் எழுதுவதை விட்டுவிட்டான். இரண்டு மாதத்தில் அவன் கன்னம் ஒட்டிப்போய்விட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்காக அவன் போயே ஆகவேண்டி வந்தது. நான் கடைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அப்பாவோடு இருந்தேன். பதினொன்றரைக்கு அப்பா கேட்டார், நான் சொன்னேன். முகம் இளகியது, அழுதார், தண்ணீர் குடித்தார், நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பன்னிரண்டு மணி வாக்கில் கூப்பிட்டுப் பார்த்தேன். கண் திறந்தது, வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது, பேச்சு வரவில்லை. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தார். என்ன கேட்டாலும் எங்களைப் பார்ப்பார், அவ்வளவுதான். கையை அழுத்தச் சொன்னால் அழுத்த மாட்டார். அண்ணன் அவர் காதருகே குனிந்து, "அம்மாவுக்குக் கோவமில்லப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அது உள்ளே போயிற்றா என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. பதின்மூன்றாவது நாள் அப்பா போய்விட்டார்.

எல்லாம் முடிந்து வந்தவர்கள் கிளம்பிப்போன மறுநாள், சாப்பாட்டு மேசையில் அண்ணன் அந்த நோட்டைத் திறந்து வைத்திருந்தான். புதுப் பக்கத்தில் இரண்டே இரண்டு வட்டம், அம்பு எதுவும் இல்லை. நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"நீ கடைசியா சொன்னப்ப அவருக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. அழுதாரே."

"அதுக்கப்புறம் எவ்வளவு நேரம்?"

"அரைமணி இருக்கும்."

"அரைமணின்னா, மறந்தும் இருக்கலாம், மறக்காமலும் இருக்கலாம்." முதல் வட்டத்தின் மேல் விரலை வைத்தான். "இது, அம்மாவுக்குக் கோவமில்லன்னு தெரிஞ்ச அப்பா. இது, தெரியாத அப்பா. ரெண்டு பேர்கிட்டயும் என்ன கேட்டாலும் பதில் வராது. எங்க கணக்குல, எதுக்குமே பதில் சொல்லாத ரெண்டு புரோகிராமும் ஒண்ணுதான். முதல் பாடமே அதுதான். அதுல சந்தேகத்துக்கே இடமில்ல."

விரலை எடுத்துவிட்டு நிமிர்ந்தான்.

"ஒண்ணுதானாடீ?" என்று கேட்டான்.

ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. பாவம், அதைக் கேட்கத்தான் உட்கார்ந்திருந்தான். அவனைப் பொய் சொல்லச் சொல்லி விரட்டியவள் நான், எனக்கு இன்னொரு பொய் பெரிய விஷயமில்லை. ஆனால் அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லண்ணா" என்றேன். "ஒண்ணு இல்ல."

தலையை ஆட்டினான். நோட்டை மூடாமலே அதன்மேல் முகத்தை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். அம்மா இறந்தபோதுகூட அவன் அப்படி அழவில்லை. அப்போது அப்பாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதிலேயே அவனுக்கு நேரம் போய்விட்டது.